மூலையில் கிடக்கும் பேட்டரி டேங்கிலிருந்து ஒரு ட்ரம் ஸ்பிரேயர்

முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் வாங்கி இரண்டு மூன்று வருஷம் ஆன வீடுகளில் அது பெரும்பாலும் மாட்டுக்கொட்டகை மூலையில்தான் கிடக்கும். கேட்டால் "சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்பார்கள். செத்துப்போனது உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி மட்டும்தான். பம்ப், கன், சார்ஜர், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் எல்லாம் நன்றாகவே இருக்கும். சில டேங்கில் அடி விரிசல் விட்டிருக்கும். அதற்காக மொத்தத்தையும் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். அந்தச் சாமான்களை வைத்து 50 லிட்டர் ட்ரம் ஸ்பிரேயர் ஒன்றை நாமே செய்துகொள்ளலாம். வெல்டிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஒரு டிரில் மெஷின், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

முதுகில் மாட்டும் டேங்க் 16 லிட்டர். நிரப்பித் தூக்கினால் 20 கிலோ வரும். காய்கறிக்கும் கடலைக்கும் ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதாவது பன்னிரண்டு, பதிமூன்று டேங்க். இடுப்பு போவது நடையில் அல்ல, ஒவ்வொரு தடவையும் வரப்புக்கு வந்து கலக்கி, தூக்கி மாட்டுவதில்தான். ட்ரம்மை வரப்பில் வைத்துவிட்டு 50 மீட்டர் குழாயை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு போனால் ஏக்கருக்கு நாலு தடவை கலக்கினால் முடிந்தது. கையில் இருப்பது கன் மட்டும்.

இது அரை ஏக்கர் முதல் இரண்டு ஏக்கர் வரை காய்கறி, கடலை, உளுந்து, பூச்செடி வைத்திருப்பவர்களுக்கு ஆனது. தென்னைக்கும் பெரிய மாமரத்துக்கும் இதன் தண்ணீர் எட்டாது. அதற்கு அதிக அழுத்தத்தில் தள்ளும், இன்ஜின் வைத்த எச்டிபி பம்ப்தான் வேண்டும்.

பழையதை மாற்றிப் பயன்படுத்துவதில் பெயர் எடுத்தவர் குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்து விவசாயி மன்சுக்பாய் ஜகானி. புல்லட் மோட்டார் சைக்கிளை உழவுக் கருவியாக மாற்றியவர் அவர்தான். சைக்கிளையும் அவர் ஸ்பிரேயராக்கினார். பெடலைக் கழற்றி அந்த இடத்தில் பம்ப்பின் பிஸ்டன் தண்டுகளை மாட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் பம்ப் ஓடும். பேட்டரியே வேண்டாம். நல்ல யோசனைதான், ஆனால் அதைச் செய்ய லேத் வேலை தெரிய வேண்டும், நிலமும் சமமாக இருக்க வேண்டும். முதல் தடவை கையை வைப்பவர்களுக்கு மின் பம்ப்தான் சுலபம்.

எது பழசு, எது புதுசு

தண்ணீர் சும்மா நிற்கிற இடமெல்லாம் பழசாக இருக்கலாம். தண்ணீரை உறிஞ்சுகிற இடம், அழுத்தத்தோடு ஓடுகிற இடம், கரண்ட் ஓடுகிற இடம் மூன்றும் புதுசாக இருக்கட்டும். ட்ரம், வண்டி, சக்கரம் பழசு. ஓட்டிப் பார்த்துத் தேறினால் பம்ப்பும் சார்ஜரும் பழசே போதும். குழாய், கிளாம்ப், வயர், ஃபியூஸ், நாசில் (மருந்து தெறிக்கும் முனை) புதுசு. புதுசாக வாங்கச் சொன்னவற்றில் குழாய்தான் கொஞ்சம் விலை; மற்றதெல்லாம் சில்லறைச் செலவு. நாசிலில் காசு மிச்சம் பிடிப்பவர்கள் அதைப் போல பல மடங்கை மருந்தில் விடுகிறார்கள்.

பம்ப்பிலிருந்து ஆரம்பிப்போம். பழைய டேங்கைக் கவிழ்த்து அடி மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் உள்ளங்கை அளவில் ஒரு டயாஃப்ரம் பம்ப் (உள்ளே ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளுவது) இருக்கும். சிலவற்றில் இரண்டு இருக்கும்; கடையில் டபுள் மோட்டார் என்பார்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம். எந்த வயர் எங்கே போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டுப் பிரியுங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்து, உறிஞ்சும் வாயை ஒரு வாளித் தண்ணீரில் விட்டு ஓட்டிப் பாருங்கள். கன்னை மாட்டித் திறந்த நிலையில் ஒரு நிமிஷத்துக்கு 2 லிட்டர் அளவில் வந்தால் பம்ப் தேறியது. மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் மருந்து உள்ளே காய்ந்து கட்டியிருக்கும். தலையின் ஸ்க்ரூவைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ரப்பர் வால்வுகளை ஊற வைத்துக் கழுவினால் பல சமயம் சரியாகிவிடும். மோட்டார் பக்கம் துரு இறங்கியிருந்தால் டயாஃப்ரம் கிழிந்து மருந்து கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

வீட்டு ஆர்ஓ மெஷினில் இருக்கும் பூஸ்டர் பம்ப்பும் பார்க்க இதே மாதிரி இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுவது. 100 ஜிபிடி என்று போட்டிருந்தால் நாளுக்கு 100 கேலன், அதாவது நிமிஷத்துக்குக் கால் லிட்டர் சொச்சம்தான். ஏர்கூலர் பம்ப்பும் கார் கண்ணாடி கழுவும் பம்ப்பும் தண்ணீரைத் தள்ளும், ஆனால் நாசிலில் புகை மாதிரி உடைக்கும் அழுத்தம் அவற்றுக்குக் கிடையாது.

ட்ரம்முக்கு 50 லிட்டர் ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) டப்பா. வாய் அகலமாக, கை முழங்கை வரை உள்ளே போகிற மாதிரி பார்த்து எடுங்கள். ஏன் என்று ஓட்டை போடும்போது தெரியும். அதில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும். எண்ணெய், ஊறுகாய் இருந்தது என்றால் சரி. ஆசிட், பெயின்ட் தின்னர் என்றால் வேண்டாம். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தாலும் வேண்டாம். 20 லிட்டர் குடிதண்ணீர் கேன் வெயிலில் விரிசல் விடும், அதையும் தவிர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ட்ரம்மின் மேல் பெயின்ட்டில் பெரிதாக "மருந்து" என்று எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு அதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, நெல் கொட்டி வைப்பது எதுவும் கூடாது.

பேட்டரிக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கார், டிராக்டரில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ண முடியாமல் கழற்றிப் போட்ட பேட்டரி நம் வேலைக்குப் பெரும்பாலும் போதும். ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். நம் பம்ப் கேட்பது 2, 3 ஆம்பியர். கனம்தான், ஆனால் வரப்பில் உட்கார்ந்திருக்கப் போகிற பொருள் கனமாக இருந்தால் என்ன. முழுசாக சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சரி. 10.5 பக்கம் காட்டினால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பம்ப்பை மாட்டி அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே 11.5க்குக் கீழே இறங்கினால் அந்த பேட்டரி தேறாது.

பழசு எதுவும் அமையவில்லை என்றால் யூபிஎஸ்சில் போடும் 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி புதிதாக வாங்கலாம். அதில் பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்டினால் மூன்று ட்ரம் வரை அடிக்கலாம். முழுக்க இறக்கி இறக்கிப் பயன்படுத்தினால் அடுத்த வருஷம் அதுவும் மாட்டுக்கொட்டகைக்குத்தான் போகும்.

உறிஞ்சும் பக்கம்

பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். வீட்டில் செய்த ஸ்பிரேயர் பாதி வயலில் நின்றுபோனால் கோளாறு பெரும்பாலும் பம்ப்பில் இருக்காது, பம்ப்புக்கு முன்னால்தான் இருக்கும்.

ட்ரம்மின் அடியிலிருந்து இரண்டு இஞ்ச் மேலே அரை இஞ்ச் டேங்க் நிப்பிளுக்கு ஓட்டை போடுங்கள். அடிமட்டத்தில் போட்டால் வண்டல் எல்லாம் பம்ப்புக்குப் போகும். கம்பியைக் காய்ச்சிக் குத்தினால் வட்டம் வராது, வாஷர் உட்காராது. டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பத்தால் போடுங்கள். நிப்பிளை உள்ளேயிருந்து விட்டு வெளியே நட் போட வேண்டும். கை உள்ளே போகிற ட்ரம் வேண்டும் என்றது இதற்காகத்தான். ட்ரம்மின் பக்கம் வளைவாக இருப்பதால் கூடவே வரும் மெல்லிய வாஷர் ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும். பழைய லாரி ட்யூப்பில் வட்டமாக ஒன்று வெட்டி உள்பக்கம் போட்டால் நன்றாக அமர்ந்துகொள்ளும்.

நிப்பிளுக்கு அடுத்து, திறந்து மூட ஒரு பால் வால்வு. அதற்கடுத்து ஃபில்டர். சொட்டுநீர்க் குழாய் போட்டவர்கள் வீட்டில் முக்கால் இஞ்ச் ஸ்கிரீன் ஃபில்டர் ஒன்று பழசாகக் கிடக்கும். ரெடியூசர் போட்டு அதையே மாட்டலாம். அதன் வலைக்கண் கொஞ்சம் பொடி, அதனால் ஒவ்வொரு ட்ரம் முடிந்ததும் கழற்றி அலச வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மரைகளுக்கு டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்றுங்கள்.

ஃபில்டரிலிருந்து பம்ப் வரைக்கும் போகும் குழாய் உள்ளே நூல் பின்னிய குழாயாக இருக்க வேண்டும், அதுவும் உள்ளே தெரிகிற மாதிரி. கொத்தனார் மட்டம் பார்க்கும் சாதாரண லெவல் ட்யூப்பை மாட்டினால் காலையில் நன்றாக ஓடும். பத்து மணி வெயிலில் குழாய் இளகியதும் பம்ப்பின் உறிஞ்சலுக்கு அது சப்பையாக ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் நின்றுவிடும். நிழலில் கொண்டுபோய்ப் பார்த்தால் திரும்ப ஓடும், ஆளைக் குழப்பிவிடும். இந்தக் குழாய் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பம்ப்பை ட்ரம்மின் அடிமட்டத்தோடு ஒட்டி வைத்தால் தண்ணீர் தானாகவே அதற்குள் இறங்கும்.

அழுத்தப் பக்கத்தில் கசிந்தால் தண்ணீர் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது; காற்றுதான் உள்ளே போகும். கன் "புஸ் புஸ்" என்று விட்டு விட்டு அடிக்கும். உள்ளே தெரிகிற குழாய் என்றால் குமிழிகள் வரிசையாக ஓடுவதைப் பார்க்கலாம். அப்போது பம்ப்பைப் பிரிக்காதீர்கள், கிளாம்ப்பை இறுக்குங்கள்.

குழாயும் கன்னும்

பம்ப்பிலிருந்து கன் வரைக்கும் 50 மீட்டர் குழாய். கடையில் உள்விட்டம் 6 மில்லி குழாயும் இருக்கும், 8.5 மில்லி குழாயும் இருக்கும். 6 மில்லி எடை குறைவு, இழுக்க லேசு, விலையும் மலிவு. ஆனாலும் வேண்டாம். நிமிஷத்துக்கு 2 லிட்டர் போகும்போது 50 மீட்டர் 8.5 மில்லி குழாயில் இழக்கும் அழுத்தம் அரை பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அடங்கும். 6 மில்லியில் அதுவே 2 பார் அளவுக்குப் போய்விடும். நம் பம்ப் கொடுப்பதே நாலைந்து பார்தான். பாதியைக் குழாய்க்கே கொடுத்தால் நாசிலுக்கு என்ன மிஞ்சும்?

பழைய டேங்கின் கன்னையும் அதிலிருந்து நாசில் வரை நீளும் லான்ஸையும் அப்படியே மாட்டலாம். பூச்சிக்கும் நோய்க்கும் கூம்பாகச் சுழன்று வரும் நாசில். நாலைந்து வரிசையை ஒரே நடையில் முடிக்க ஆசைப்பட்டு குறுக்குக் குழாயில் ஆறு நாசில் வைப்பவர்கள் உண்டு. ஒரு நாசில் நிமிஷத்துக்கு 0.6 லிட்டர் கேட்டால் 2 லிட்டர் பம்ப்புக்கு மூன்றுதான் கட்டும். அதற்கு மேல் போட்டால் புகை வராது, சொட்டும். மூன்று நாசிலைத் தாங்க பழைய டிவி ஆன்டெனாவின் அலுமினியக் குழாய் அருமையாகப் பொருந்தும், எடையே தெரியாது. அந்தக் குழாய் வெறும் தாங்கிதான். தண்ணீர் ஓடுவது அதில் கட்டிய ஹோஸ், டீ (மூன்று வாய் இணைப்பு) வழியாக. பிவிசி குழாயில் ஓட்டை போட்டு அதையே நாசில் என்பது பூவாளி வேலைக்கு ஆகும், மருந்துக்கு ஆகாது.

தூள் மருந்து அடியில் தங்காமல் இருக்க, பம்ப்பிலிருந்து ஒரு டீ போட்டு கொஞ்சத்தை ட்ரம்முக்கே திருப்பி விடுவது பெரிய ஸ்பிரேயர்களில் வழக்கம். ஒற்றைப் பம்ப்பில் அதற்குத் தண்ணீர் மிச்சம் இருக்காது, ஒரு குச்சியால் அவ்வப்போது கலக்கிக்கொள்ளுங்கள். டபுள் மோட்டார் கிடைத்தவர்கள் போடலாம்.

வயரிங்

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். ஒற்றைப் பம்ப்புக்கு கார்களில் போடும் 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். டபுள் மோட்டாருக்கு, இரண்டும் ஓடும்போது எத்தனை ஆம்பியர் என்று மீட்டரில் பார்த்து அதற்கு அடுத்த அளவு. அதற்கப்புறம் சுவிட்ச், பழைய டேங்கின் ரெகுலேட்டர், பம்ப். மைனஸ் நேராக பம்ப்புக்கு. 1.5 சதுர மில்லி வயர் சரியாக இருக்கும். முறுக்கி டேப் ஒட்டுவதோடு விட்டுவிடாதீர்கள், கனெக்டர் போடுங்கள். ஈரத்தில் நிற்கப்போகிற பொருள். பேட்டரியையும் சுவிட்சையும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் போதும். சார்ஜ் ஏற்றும்போது மட்டும் மூடியைத் திறந்து காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அப்போது வரும் வாயு தீப்பிடிக்கக்கூடியது.

பம்ப்பின் தலையில் அழுத்த சுவிட்ச் இருந்தால் கன்னை மூடியதும் பம்ப் தானாக நின்றுவிடும். இல்லாத பம்ப் என்றால் ஆள் ஒருவர் ட்ரம் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். அதைவிட சுவிட்ச் உள்ள பம்ப்பாகத் தேடுவது மேல்.

ட்ரம்மை ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்புக்கு நகர்த்த இரண்டு பழைய சைக்கிள் சக்கரமும் ஒரு பலகையும் போதும். ட்ரம் சக்கரத்துக்கு மேலே அல்ல, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தாழ்வாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் 50 லிட்டர் அலம்பி வண்டியைக் கவிழ்த்துவிடும். பழைய சைக்கிள் ட்யூப்பால் இழுத்துக் கட்டினால் கயிற்றை விட நன்றாகப் பிடிக்கும்.

முதலில் வெறும் தண்ணீர்

மருந்து கலக்கும் முன் இரண்டு சோதனை.

ஒன்று, ஏக்கருக்கு எவ்வளவு போகிறது என்பது. ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். உங்கள் கன் ஒரு மீட்டர் அகலம் நனைத்தால் 40 மீட்டர் நடந்தால் ஒரு சென்ட். கயிறு பிடித்து அளந்து, வழக்கமான நடையில் அடித்துக்கொண்டே போய், எத்தனை விநாடி ஆனது என்று பாருங்கள். பிறகு அதே விநாடிகளுக்கு கன்னை ஒரு வாளிக்குள் திறந்து, வந்த தண்ணீரை அளந்து நூறால் பெருக்குங்கள். ஒரு நிமிஷத்தில் நடந்து, 2 லிட்டர் வந்தால் ஏக்கருக்கு 200 லிட்டர். கூடுதலாக வந்தால் நடையைக் கூட்டுங்கள், குறைவாக வந்தால் மெதுவாகப் போங்கள். ஏக்கருக்கு இத்தனை மில்லி என்று மருந்து டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு இதற்குப் பிறகுதான் அர்த்தமாகும். இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள் டேங்குக்கு இரண்டு மூடி என்று ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டாவது, இலையின் அடியில் படுகிறதா என்பது. வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். வெள்ளைக் காகிதத் துண்டுகளை கத்தரி இலையின் மேலேயும் அடியிலும் கிளிப் போட்டு வைத்து அடித்துப் பாருங்கள். மேல் காகிதம் நீலமாக நனைந்து, அடிக் காகிதம் வெள்ளையாகவே இருந்தால் வெள்ளை ஈக்கு நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று பொருள்; அது குடியிருப்பது அடியில்தான். நாசிலைத் தாழ்த்தி, முனையை மேலே பார்க்கத் திருப்பி மறுபடி அடித்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனை கற்றுத் தருவதை யார் சொன்னாலும் புரியாது.

கரைசலும் எச்சரிக்கையும்

பஞ்சகவ்யா, மீன் அமிலம், வேப்பங்கொட்டைச் சாறு எல்லாம் இதில் தாராளமாக ஓடும், வடிகட்டுகிற வரைக்கும். கொசுவலையும் டீ வடிகட்டியும் போதாது. பழைய வேட்டியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். பஞ்சகவ்யா 100 லிட்டருக்கு 3 லிட்டர் என்றால் நம் ட்ரம்முக்கு ஒன்றரை லிட்டர். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதத்துக்கு, ஒரு ட்ரம்முக்கு இரண்டரைக் கிலோ பருப்பு. சாற்றோடு கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் இலையில் ஒட்டும்.

களைக்கொல்லியை இதில் ஊற்றவே ஊற்றாதீர்கள். 2,4-டி ஒரு தடவை போன ட்ரம்மையும் குழாயையும் எத்தனை கழுவினாலும் மிச்சம் இருக்கும். அடுத்து தக்காளிக்கோ பருத்திக்கோ அடித்தால் இலை சுருண்டுவிடும். அதற்கென்று ஒரு பழைய கைத்தெளிப்பான் தனியாக இருக்கட்டும். டப்பாவில் சிவப்பு முக்கோணம் (மிகக் கொடிய விஷம்) போட்ட மருந்துகளும் இதற்கு வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் செய்த இணைப்பு எப்போது கழன்று மேலே பீய்ச்சும் என்று சொல்ல முடியாது. 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் பலர் விஷம் ஏறி இறந்தார்கள். கடையில் வாங்கிய ஸ்பிரேயர் வைத்திருந்தவர்களுக்கும் அதே ஆபத்துதான். பச்சை முக்கோணம் என்றாலும் முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள். கன்னை முன்னால் நீட்டிக்கொண்டே நடந்தால் நனைந்த செடிக்குள் நீங்களே நடக்கிறீர்கள். பக்கவாட்டில் பிடியுங்கள், அல்லது பின்னோக்கி நடந்து வாருங்கள். அடைத்த நாசிலை வாய் வைத்து ஊதாதீர்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியால் குத்தினால் துவாரம் பெரிதாகும்.

ட்ரம் நிரப்பும்போது கிணற்று மோட்டார்க் குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. கரண்ட் போய் மோட்டார் நின்றால் மருந்துத் தண்ணீர் பின்னோக்கி கிணற்றுக்கே போகும்.

வேலை முடிந்ததும் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் கழுவுவதை மூன்று தடவை செய்யுங்கள். அந்தத் தண்ணீரை அதே பயிரின் மேலேயே அடித்துவிடுங்கள், வாய்க்காலில் கொட்ட வேண்டாம். கடைசியில் பம்ப்பைச் சில விநாடி வெறுமனே ஓட்டி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். குழாயைப் பெரிய வளையமாகச் சுற்றி நிழலில் மாட்டுங்கள். மருந்தடிக்காத மாதங்களிலும் பேட்டரிக்கு மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றுங்கள்.